கோடையில் இமயம்: கேட்டதும் சொன்னதும்

மே மாதம் பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி மலையைப் பற்றியவையாகிவிடுகின்றன. தில்லியில் வெயில் 44 டிகிரியைத் தொடும்போது, ஓர் இரவுப் பயணத் தொலைவில் பனி கிடக்கிறது என்ற நினைப்பு யாரையும் சும்மா இருக்க விடுவதில்லை. ஆகவே இம்முறை கேள்வி பதில் பகுதி முழுவதையும் மலையேற்றத்துக்கும் கூடாரத் தங்கலுக்குமே ஒதுக்கியிருக்கிறோம். பதில் சொல்பவன் மருத்துவனும் அல்லன், தொழில்முறை வழிகாட்டியும் அல்லன். அலுவலக விடுப்பைச் சேர்த்துவைத்து ஆண்டுக்கு ஒருமுறையாவது மலைக்குப் போய் வருகிற தில்லித் தமிழன், அவ்வளவே.

அலுவலக நண்பர்கள் ஐந்து பேர் வெள்ளி இரவு காஷ்மீரி கேட்டில் மணாலி பேருந்தில் ஏறி, சனி, ஞாயிறு, திங்கள் என மூன்றே நாளில் ஹம்ப்டா கணவாயைக் கடந்து, செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்குத் திரும்பிவிட முடியுமா? எல்லோரும் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள். இருவர் மாரத்தான் ஓடுபவர்கள்.
— வாசகர், துவாரகா

உங்கள் கால்கள் முடித்துவிடும். நுரையீரலும் மூளையும் அதற்கு உடன்படுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

தில்லி கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டரைச் சற்றே தாண்டிய ஊர். மணாலி சுமார் 2,050 மீட்டர். முதல் நாள் கூடாரம் போடும் சிக்கா சுமார் 3,100. அடுத்த நாள் தங்கும் பாலு கா கேரா சுமார் 3,600. கணவாயின் உச்சி ஏறக்குறைய 4,270. அந்த உச்சியில் காற்றின் அழுத்தம் தில்லியில் இருப்பதில் பத்தில் ஆறு பங்குதான். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் அங்கும் 21 சதவீதம்தான் என்றாலும், காற்றே மெலிந்துவிடுவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு குறைந்துவிடுகிறது. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் அதற்கு நாள் பிடிக்கும். மாரத்தான் ஓடுபவர் என்பதற்காக உடல் அந்த நாள்களில் எதையும் தள்ளுபடி செய்வதில்லை. சொல்லப்போனால், திடகாத்திரமானவர்கள் மற்றவர்களைவிட வேகமாக ஏறிவிடுவதாலேயே பல நேரங்களில் முதலில் படுத்துவிடுகிறார்கள்.

மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு எளிமையானது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இன்று இரவு படுக்கும் இடம் நேற்று இரவு படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் ஏறி இறங்கினீர்கள் என்பதைவிட, எங்கே தூங்குகிறீர்கள் என்பதுதான் இதில் முக்கியம்.

பல ஆண்டுகளுக்கு முன் பாலு கா கேராவில் எங்கள் குழுவில் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். மாலையிலிருந்தே அவருக்குத் தலைவலி. வெளியே சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மறைத்துவிட்டார். இரவு உணவின்போது பசியில்லை என்றார், அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு இடது கைக்கான கையுறையை வலது கையில் போட முயன்று, முடியாமல், மறுபடியும் அதே கையில் நுழைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வழிகாட்டி குல்லு பக்கத்துக் கிராமத்துக்காரர், அதிகம் பேசாதவர். அவர் எழுந்து, ஊன்றுகோலால் தரையில் ஒரு கோடு கிழித்து, அதன்மேல் குதிகாலை விரல்நுனியோடு ஒட்டிவைத்து நடக்கச் சொன்னார். நண்பர் மூன்றாவது அடியிலேயே கோட்டை விட்டு விலகிச் சரிந்தார். வழிகாட்டி வாதம் எதுவும் செய்யாமல் இருவரைத் துணைக்கு எடுத்துக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் அவரைச் சிக்காவுக்கு இறக்கிவிட்டார். விடிந்தபோது நண்பர் தேநீர் கேட்டாராம். அன்றே மணாலியில் மருத்துவரிடமும் காட்டினார்கள். தலைவலி, குமட்டல், அசதி என்ற அளவில் இருந்தால் அதற்கு மேல் ஏறாமல் அங்கேயே நிற்கலாம். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமல் வந்தாலோ இரவானாலும் இறங்கியே ஆக வேண்டும். காத்திருந்தால் அது உயிரைக் கொண்டுபோகும் நிலை.

ஆகவே சனிக்கிழமை மணாலியிலேயே தங்கி ஊரைச் சுற்றுங்கள். ஞாயிறு ஜோப்ரா வழியாகச் சிக்கா, திங்கள் பாலு கா கேரா, செவ்வாய் கணவாயைக் கடந்து ஷியா கோரு, புதன் சத்ரு. அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட பிறகு, சத்ருவிலிருந்து ரோதாங் கணவாயில் ஏறாமலேயே அன்று மாலைக்குள் மணாலிக்குத் திரும்பிவிட முடிகிறது. வியாழக்கிழமை காலை தில்லி. மழையோ சாலை அடைப்போ வந்தால் சமாளிக்க மேலும் ஒரு நாள் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கும் ஒரே வாரத்தில் விடுப்பு கிடைக்காது என்றால் இந்தப் பாதையை விட்டுவிட்டு, தரம்சாலாவுக்கு மேலே சுமார் 2,850 மீட்டரில் இருக்கும் திரியுண்டுக்குப் போய் வாருங்கள். வார இறுதிக்குள் அடங்கும்.

டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் இந்த ஓய்வு நாள்களே தேவையில்லை என்கிறார்களே?
— வாசகர், லட்சுமி நகர்

தவறாகச் சொல்கிறார்கள். அசிட்டசோலமைடு என்ற அந்த மருந்து உடல் பழகுவதை விரைவுபடுத்துகிறது; பழகுவதற்கு மாற்றாகாது. தடுப்புக்காக வழக்கமாகத் தரப்படும் அளவு 125 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல் நுனிகள் மரத்துப்போனதுபோல் குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா குடித்தால் ருசியே இருக்காது. சல்பா மருந்துகள் ஒவ்வாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. விமானத்தில் நேரே லே நகருக்குப் போகிறவர்கள் ஒன்றரை மணி நேரத்துக்குள் 3,500 மீட்டரில் இறங்கிவிடுகிறார்கள். மருத்துவர் இதை அதிகம் பரிந்துரைப்பது அவர்களுக்குத்தான். அவர்களும் முதல் இரண்டு நாள் அறையை விட்டு அதிகம் நகராமல் இருப்பது நல்லது.

எனக்கு 59 வயது, ஓய்வு பெறப் போகிறேன். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. பூக்களின் பள்ளத்தாக்கில் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும் என்பது இளமைக்கால ஆசை. மகன் வேண்டாம் என்கிறான்.
— வாசகர், ஆர்.கே. புரம்

கூடாரம் போட முடியாது. மற்றபடி மகனிடம் உங்கள் பக்கம் நான் பேசுகிறேன்.

அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா. 2005இல் யுனெஸ்கோ உலக மரபிடமும் ஆனது. உள்ளே இரவு தங்க யாருக்கும் அனுமதியில்லை. காலையில் போய் மாலைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். அடிவாரத்தில் சுமார் 3,050 மீட்டரில் உள்ள கங்காரியாவில் விடுதிகள் இருக்கின்றன, ஒரு குருத்வாராவும் இருக்கிறது. ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை பூங்கா திறந்திருக்கும் என்றாலும், பூக்கள் நிறைந்து நிற்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரைதான். ஜூன் தொடக்கத்தில் போனால் பனித்திட்டுகளையும் அப்போதுதான் முளைக்கும் தளிர்களையும்தான் பார்ப்பீர்கள். 1931இல் காமெட் சிகரம் ஏறித் திரும்பும் வழியில் இந்தப் பள்ளத்தாக்கில் வந்து இறங்கிய பிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேயர்தான் இதை வெளியுலகுக்குத் தெரியப்படுத்தினார். ஆடு மேய்ப்பவர்களுக்கு அது அதற்கு முன்பே தெரிந்த இடம்தான்.

இடைஞ்சல் என்னவென்றால், பூ பூக்கும் காலம்தான் மழைக்காலமும். ரிஷிகேஷிலிருந்து கோவிந்த்காட் வரையிலான ஏறக்குறைய 270 கிலோமீட்டர் மலைச்சாலையில் அந்த வாரங்களில் மண்சரிவு வராத ஆண்டே இல்லை எனலாம். திரும்பும் ரயில் சீட்டை இரண்டு நாள் தள்ளியே எடுங்கள். கோவிந்த்காட்டிலிருந்து புல்னா வரை ஜீப் போகும். அதன்பின் கங்காரியா வரை சுமார் பத்து கிலோமீட்டர் நடை. முடியவில்லை என்றால் கோவேறு கழுதை கிடைக்கும். பள்ளத்தாக்குக்குள் கழுதைக்கு அனுமதியில்லை. முதுகுக் கூடையில் ஆளைத் தூக்கிச் செல்பவர்கள் உண்டு, அதை இங்கே கண்டி என்பார்கள். நம் எடையை இன்னொருவர் முதுகில் ஏற்றுவதற்கு எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் அது அவர்களுடைய பிழைப்பு என்பதால் அதில் உங்கள் முடிவே முடிவு.

ஏரிக்கரையில் உள்ள சீக்கியர் புனிதத்தலமான ஹேம்குண்ட் சாகிபையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள். கங்காரியாவிலிருந்து ஆறு கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 1,280 மீட்டர் செங்குத்தாக ஏறி, அன்றே இறங்க வேண்டும். ஏரிக்கரையில் தரும் கிச்சடியும் தேநீரும் அமிர்தமாகத்தான் இருக்கும். உங்களுக்கு அதற்கான கட்டாயம் ஏதுமில்லை. பள்ளத்தாக்கையே இரண்டு நாள் பாருங்கள்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே இதய மருத்துவரிடம் போய், போகும் உயரத்தைச் சொல்லி, டிரெட்மில் சோதனை தேவையா என்று கேளுங்கள். இரத்த அழுத்த மாத்திரைகளில் சில, ஏறும்போது இதயத்துடிப்பு கூடுவதைத் தடுப்பவை; உங்களுடையது அந்த வகையா என்று தெரிந்துகொள்ளுங்கள். சர்க்கரை பார்க்கும் கருவி குளிரில் சரியாக வேலை செய்யாது என்பதால் அதைச் சட்டையின் உள்பையில், உடற்சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மகனைக் கையோடு அழைத்துப் போய்விட்டால் வாக்குவாதமும் முடிந்துவிடும்.

சொந்தமாகக் கூடாரமும் அடுப்பும் வாங்கி, யாருடைய துணையும் இல்லாமல் நாங்களே சமைத்துச் சாப்பிட்டுத் தங்கப் பார்க்கிறோம். எதில் பணம் போட வேண்டும், எதில் மிச்சம் பிடிக்கலாம்?
— மாணவர்கள், முனீர்கா

கூடாரத்தை வாடகைக்கு எடுங்கள். பணத்தைக் காலணியிலும் படுக்கையிலும் போடுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால், 3,600 மீட்டரில் தில்லியைவிட 22 டிகிரி குறைவு. பகலில் அது சுகமாக இருக்கும். ஜூன் மாதத்திலும் இரவில் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிடும். குளிர் மேலிருந்து வருவதைவிட அதிகமாகத் தரையிலிருந்து ஏறுகிறது. அதனால் விலையுயர்ந்த ஸ்லீப்பிங் பேக்கை மெல்லிய பாயின்மேல் விரிப்பதைக் காட்டிலும், நடுத்தரமான பேக்கை நல்ல ஃபோம் மேட்டின்மேல் விரிப்பது மேல்.

கூடாரத்தைக் காய்ந்த ஓடைப்படுகையில் போடாதீர்கள். அது காய்ந்திருப்பதற்குக் காரணம், மேலே இன்னும் மழை பெய்யவில்லை என்பது மட்டுமே. குளிருக்குப் பயந்து காற்றுத் திறப்புகளை முழுக்க அடைத்தால், உங்கள் மூச்சிலுள்ள ஈரமே துணியில் படிந்து விடியற்காலையில் முகத்தில் சொட்டும். கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். தீப்பிடிக்காவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் வேலையை முடித்துவிடும். கேஸ் வாங்கும்போது வெறும் பியூட்டேன் குப்பியைத் தவிருங்கள். பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் அது ஆவியாகாது, அடுப்பு வெறுமனே முனகும். புரோப்பேன் கலந்த குப்பி கேளுங்கள். அதை விமானத்தில் எடுத்துச் செல்ல விடமாட்டார்கள். மணாலியிலோ உத்தரகாசியிலோதான் வாங்க வேண்டும்.

சமையலில் நம்மவர்கள் ஏமாறுவது சோற்றில்தான். 3,600 மீட்டரில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். பானை தளதளவென்று கொதிக்கும், அரிசி வேகாது. துவரம்பருப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒருமுறை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்த பிறகும் பருப்பைக் கடித்தால் கூழாங்கல் போல இருந்தது, கேஸ்தான் தீர்ந்தது. இரண்டு லிட்டர் பிரஷர் குக்கரைச் சுமக்க மனமிருந்தால் சுமந்து செல்லுங்கள். இல்லாவிட்டால் அவல், சேமியா, வீட்டில் காய்ச்சிய புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, கடலை மிட்டாய். வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறிய கெட்டி அவலில் புளிக்காய்ச்சலைப் பிசைந்து, கை விரைக்கும் குளிரில் சாப்பிட்டவர்களுக்கு வேறு எதையும் சிபாரிசு செய்யத் தோன்றாது.

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயவே காயாது. வழிகாட்டி இல்லாமல் முதல்முறையே கணவாய் கடக்கும் பாதைக்கும் போகாதீர்கள்.

தில்லி வெயிலில் எப்படிப் பயிற்சி எடுப்பது?
— வாசகி, வசந்த் குஞ்ச்

காலை ஐந்தரைக்குள் தொடங்கி ஏழுக்குள் முடியுங்கள். உங்களுக்கு சஞ்சய் வனம் பக்கம்தான். அங்கே ஆரவல்லியின் மேடுபள்ளங்களிலேயே நடக்கலாம். குடியிருப்பின் மாடிப்படிகள் அதைவிடப் பயனுள்ளவை. முதல் வாரம் வெறுமனே ஏறி இறங்குங்கள், பிறகு பையில் தண்ணீர்ப் புட்டிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து எட்டுக் கிலோவரை கொண்டுபோங்கள். இறங்குவதையும் பயிற்சியாக நினையுங்கள். மலையில் முழங்கால் கெடுவது இறக்கத்தில்தான். ஆர்.கே. புரம் மலை மந்திருக்கு வாரம் ஒருமுறை போகிறவராக இருந்தால் அந்தப் படிகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். புதிய காலணியை இப்போதிருந்தே போட்டு நடந்து பழக்குங்கள்.

மாதவிடாய் நாள்கள் பயணத்தின் நடுவே வரும்போலிருக்கிறது. தள்ளிப்போடும் மாத்திரை எடுக்கலாமா? கழிப்பிடத்துக்கு என்ன செய்வார்கள்? குழுவில் யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
— வாசகி, மயூர் விகார்

இந்தக் கேள்விக்கு என் மனைவியிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஹார்மோன் மாத்திரைகளில் சில, இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டுபவை. உயரத்தில் உடலில் நீர் வற்றுவதும் அதோடு சேரும் என்பதால், மகப்பேறு மருத்துவரிடம் போகும் உயரத்தைச் சொல்லிக் கேட்காமல் எதையும் எடுக்காதீர்கள். அந்த நாள்களில் மலையேற மருத்துவத் தடை எதுவும் இல்லை. பயன்படுத்திய நாப்கின்களைக் காகிதத்தில் சுற்றி, ஜிப் உள்ள பையில் போட்டு, ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும். அங்கே புதைத்தால் மக்காது, நாய்கள் தோண்டி எடுத்துவிடும். மாதவிடாய்க் கப் பழகியவர்களுக்கு எளிது. ஆனால் மலையில் போய்ப் பழகத் தொடங்க வேண்டாம்.

முகாம்களில் குழி வெட்டி மேலே சிறு கூடாரம் நிறுத்தியிருப்பார்கள். நீங்களே போவதானால் ஓடையிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளி, ஒரு சாண் ஆழம் தோண்டி, பிறகு மண்ணால் மூட வேண்டும். கழிப்பிடத்துக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும் பெண்களைத்தான் என் மனைவி கடிந்துகொள்கிறார். தலைவலி அங்கிருந்தே தொடங்குகிறது. முன்பதிவின்போதே குழுவில் வேறு பெண்கள் இருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

ஜூனா, செப்டம்பரா? மதுரையிலிருக்கும் அம்மா குரங்கணித் தீயைச் சொல்லிச் சொல்லி அழுகிறார்.
— வாசகர், பட்பர்கஞ்ச்

2018 மார்ச்சில் குரங்கணியில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தது காய்ந்த புல்லில் பரவிய தீயால். இங்கே அஞ்ச வேண்டியவை குளிரும் தண்ணீரும். 2024 ஜூன் தொடக்கத்தில், அதாவது நல்ல பருவம் என்று எல்லோரும் சொல்லும் நாள்களிலேயே, உத்தரகாசி மாவட்டத்தின் சகஸ்ர தால் பாதையில் கர்நாடகத்திலிருந்து சென்ற மலையேற்றக் குழுவினர் 9 பேர் பனிப்புயலில் சிக்கி இறந்தார்கள். அம்மாவின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பதிலாக நீங்கள் கொடுக்க வேண்டியது பாதையின் பெயர், தங்கும் ஊர்கள், வழிகாட்டியின் தொலைபேசி எண், திரும்பும் தேதி ஆகியவை. வனத்துறைச் சோதனைச் சாவடியில் பெயர் பதியாமல் உள்ளே போகாதீர்கள்.

உத்தரகண்டிலும் குல்லு பக்கத்திலும் ஜூன் கடைசி வாரத்தில் மழை பிடித்துக்கொள்ளும். 2013 ஜூன் நடுவில் கேதார்நாத்தில் நடந்தது மழை முந்தி வந்ததால்தான். மழை மறைவுப் பகுதிகளான ஸ்பிதியும் லடாக்கும் ஜூலை, ஆகஸ்டில் காய்ந்தே இருக்கும்; போகும் சாலைகள்தான் அறுபடும். என் வாக்கு செப்டம்பர் இரண்டாம் பாதிக்கு: வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும், கூட்டம் குறைந்திருக்கும், குளிர் மட்டும் சற்றுக் கூடுதல். எந்த மாதமானாலும் பனியாற்று ஓடைகளை விடியற்காலையில் கடந்துவிடுங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகி, காலையில் முழங்காலளவு ஓடிய நீர் பிற்பகலில் இடுப்பைத் தொடும்.

வேத்னி புல்வெளியில் கூடாரம் போடலாமா? அவசரத்துக்கு வெளிநாட்டு நண்பரின் சாட்டிலைட் போனை எடுத்துப் போகலாமா?
— வாசகர், கரோல் பாக்

இரண்டும் கூடாது. புக்யால் எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதை உத்தரகண்ட் உயர்நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் தடைசெய்தது. சாட்டிலைட் போனை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் வைத்திருப்பதே குற்றம்.

பதினொரு வயது மகனுக்கு முதல் கூடார இரவு எங்கே?
— வாசகி, ஜனக்புரி

முசூரிக்கு அப்பால் உள்ள நாக் திப்பா போதும். உச்சியே 3,000 மீட்டரைச் சற்றுத்தான் தாண்டும், இரண்டு நாளில் போய் வந்துவிடலாம். கோடையில் வழியில் தண்ணீர் குறைவு, ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அது பிடித்துவிட்டால் அடுத்த ஆண்டு சாங்க்ரியிலிருந்து ஹர் கி தூன் போகலாம்; மரவீட்டுக் கிராமங்கள் வழியாக, ஆற்றை ஒட்டி, மெல்ல மெல்ல உயரும் பாதை அது. தலை வலிக்கிறது என்று அவன் சொன்னால் சாக்கு என்று நினைக்காதீர்கள். முதல் இரவு டார்ச்சை அணைக்க மாட்டான், வெளியே என்ன சத்தம் என்று பத்து முறையாவது எழுப்புவான்; உங்கள் தூக்கத்தை வீட்டிலேயே முடித்துவிட்டுப் புறப்படுங்கள்.